ஈரம் காயாத கிளிஞ்சல்

பொன்னேரியில் சித்தப்பா மகள் கல்யாணத்தை முடித்துக்கொண்டு கோட்டைக்குப்பத்தில் வந்து இறங்கிய அமுதவல்லி, பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் நேரே வீட்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகைக்குள் போனாள். அங்கே கண்ணாடித் தொட்டிகளில் அவளுடைய கோமாளி மீன்கள் இருந்தன. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட, விரல் நீள மீன்கள். அவற்றை ஜோடி சேர்த்து, முட்டை வைக்கவிட்டு, குஞ்சு வளர்த்துச் சென்னைக்கு அனுப்புவதுதான் அவள் தொழில். வீட்டில் கடல்தொட்டி வைத்து அழகு பார்க்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

ஆள் நிழல் பட்டாலே தீனிக்கு ஓடிவருகிற மீன்கள் அன்றைக்கு அசையவில்லை. தண்ணீரின் மேல்மட்டத்தில் தொங்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து நீலப் பீப்பாயின் மூடியைத் திறந்தாள். எல்லாத் தொட்டித் தண்ணீரும் அந்தப் பீப்பாய்க்குள் இறங்கி, அதில் நிரப்பியிருக்கும் பீங்கான் வளையங்களுக்கு நடுவே புகுந்து, சுத்தமாகி மறுபடி மேலேறும். எப்போதும் பழுப்பேறி வழவழவென்றிருக்கும் வளையங்கள் இப்போது புதுப் பல் மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தன.

"இத யாரு தொட்டது?"

அவள் புருஷன் கங்காதரன் வாசல் பக்கமிருந்து சந்தோஷமாகத்தான் வந்தான். "நான்தான் வல்லி. ஒரே பாசியா நாத்தமா இருந்துச்சு. குடிதண்ணில நல்லா தேச்சுக் கழுவி, வெயில்ல காயவச்சுப் போட்டேன். நீ வந்து பாத்தா சந்தோஷப்படுவேனு."

அந்தக் குடிதண்ணீரில் பிளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். அந்தப் பழுப்பு அழுக்கல்ல, உயிர். மீன் கழிவதை விஷமாகாமல் தின்று தீர்க்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் அந்த வழவழப்பில்தான் குடியிருந்தன. பிளீச்சிங்கும் வெயிலும் அவற்றைக் கொன்றுவிட்டன. அமுதவல்லிக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் கத்த மனம் வரவில்லை. சோதனைக் குப்பியில் தொட்டித் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சொட்டினாள். மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா ஏறிவிட்டது.

சென்னையில் மீன்தொட்டிச் சாமான் கடை வைத்திருக்கும் பிராங்க்ளினுக்குப் போன் போட்டாள்.

"புது வளையம் இன்னிக்கே அனுப்பிடலாம்க்கா," என்றான் அவன். "ஆனா அது இப்போதைக்கு வெறும் கல்லு. அதுல கிருமி ஏறி வேலை செய்ய மாசக்கணக்காயிடும். உங்க மீன் அதுவரைக்கும் தாங்காது. ஓடிட்டிருக்கிற தொட்டியிலேருந்து ஊறின சாமான் யார்ட்டயாவது கெடைக்குமா பாருங்க. தீனிய நிறுத்துங்க, தண்ணிய மாத்துங்க."

தண்ணீரை மாற்றுவதுதான் எப்படி? மழை கொட்டித் தீர்த்த கார்த்திகை மாசம். ஊரையொட்டிய உப்பேரி முழுக்க உப்பில்லாத ஆற்றுத் தண்ணீர். முகத்துவாரம் தாண்டியும் கரையோரக் கடல் செம்மண் கரைசலாகக் கிடந்தது.

"தூரமாப் போய் நல்ல தண்ணி கொண்டாறேன்," என்றான் கங்காதரன். கேன்களைப் பொறுக்கிக்கொண்டே தயங்கினான். "கூட்டாளி சுபாஷ் வீட்டாண்ட வலையில வந்த பவளத்துண்டு கெடக்குது. அதப் போட்டா ஆவுமா?"

"பவளத்த எடுத்து வச்சிருந்தாலே வனத்துறை கேஸு. ஆனது ஆவட்டும்னு போட்டாலும் அதுவும் காஞ்ச கல்லுதான்யா. நீ தண்ணிக்குப் போ."

ஊறின சாமான் இருக்கிற இடம் ஒன்றுதான் என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து ஊரான தோணிரேவில் ஜெபசெல்வி வீடு.

இரண்டு பேரும் ஒன்றாகப் பயிற்சிக்குப் போய், ஒரே கொட்டகையில் தொழிலைத் தொடங்கியவர்கள். பீப்பாய்க்குள் எதை நிரப்புவது என்பதில்தான் பிரிந்தார்கள். ஏரிக்கரைக் கிளிஞ்சலை வேகவைத்துக் கழுவிப் போடலாம், தண்ணீருக்குச் சுண்ணாம்புச் சத்தும் சேரும் என்றாள் ஜெபசெல்வி. கடைக்காரர்கள் சொல்லும் பீங்கான் வளையம்தான் வேண்டும் என்றாள் அமுதவல்லி. "குப்பையக் கொட்டி வளக்கறதுக்கு நான் ஒண்ணும் பன்னி வளக்கல" என்று ஒரு வார்த்தை விட்டாள். ஜெபசெல்வி மறுநாளே தன் தொட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் மீன் ஏலத்துறையில் எதிரெதிரே பார்த்தாலும் முகம் கொடுத்ததில்லை.

ஸ்கூட்டரில் போகும் வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்றே யோசித்தாள். ஒன்றும் அகப்படவில்லை. ஜெபசெல்வி வாசலில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையோடு வந்து நின்றவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா?"

"பீப்பா செத்துப்போச்சு செல்வி. அவரு தெரியாம கழுவிட்டாரு. மீனெல்லாம் மேல நிக்குது."

ஜெபசெல்வி எழுந்தாள். பழைய கதை எதையும் எடுக்கவில்லை. "எந்த ஜோடி? அந்தப் பெரிய பொட்டை மீனுமா?"

"அதுவுந்தான்."

உள்ளே போய்த் தன் பீப்பாயைத் திறந்து உள்ளேயிருந்த கிளிஞ்சலைக் கையால் அளைந்து பார்த்தாள். பிறகு சொன்னாள்: "பாதி தரேன். அதுக்கு மேல எடுத்தா என் குஞ்சு போயிடும். மிச்சம் இருக்கிறது தேறி வர்ற வரைக்கும் நானும் தீனியக் கொறைச்சுக்கறேன். சின்னதுங்க கொஞ்சம் இளைக்கும், பரவால்ல."

"செல்வி, நான் அன்னிக்கு..."

"அத அப்புறம் பேசலாம். வாளியப் புடி. ஈரம் காயக்கூடாது."

பழுப்பேறிய கிளிஞ்சல்களைத் தொட்டித் தண்ணீரோடு சேர்த்தே வாளியில் அள்ளினார்கள். தொட்டியில் வடிகட்டியாக ஓடிக்கொண்டிருந்த ஸ்பாஞ்ச் ஒன்றையும் பிழியாமல் எடுத்துப் போட்டாள் ஜெபசெல்வி. வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவளே ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கொட்டகையில் வளையங்களை வாரிக் கொட்டிவிட்டு, வலைப்பையில் கிளிஞ்சலை நிரப்பி இறக்கினார்கள். காற்றுக் குழாயைக் கூட்டினார்கள். அதற்குள் கங்காதரன் உடம்பெல்லாம் உப்புப் பூக்க, கேன்களைத் தோளில் சுமந்து வந்து சேர்ந்தான். உப்பு அளவைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை மாற்றினார்கள். ஓரத் தொட்டியில் மட்டும் ஒரு ஜோடி பிழைக்கவில்லை. அதை எடுத்தபோது கங்காதரன் வெளியே போய் நின்றுகொண்டான். அமுதவல்லி போய் அவன் கையைத் தொட்டு உள்ளே கூட்டிவந்தாள்.

மறுநாளும் குப்பியில் பச்சைதான். ஆனால் வெளிர்ப்பச்சை. அடுத்த நாள் காலையில் மருந்து சொட்டியபோது தண்ணீர் மஞ்சளாகவே நின்றது. அமுதவல்லி நம்பாமல் இன்னொரு குப்பியில் பிடித்தாள். அதுவும் மஞ்சள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்கப்புறம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. பசி வயிற்றைக் கிள்ளியது. அந்தப் பசிகூட அவளுக்குச் சுகமாக இருந்தது.

"இன்னாடி?" என்று போனில் கேட்டாள் ஜெபசெல்வி.

"மஞ்சள்."

அந்தப் பக்கம் நீளமாக ஒரு மூச்சு கேட்டது. "சரி. மதியம் வரேன். நெத்திலி இருந்தா வாங்கி வையி. அன்னிக்கு விட்ட அந்த வார்த்தைக்கு நீ எங்கிட்ட பேச வேண்டியதும் பாக்கி இருக்கு."

"பேசறேன். வா," என்றாள் அமுதவல்லி. தொட்டி மூலையில் மீன் முட்டை வைக்கப் போட்டிருந்த மண்சட்டியை நகர்த்திவைக்கக் கையை உள்ளே விட்டாள். தெம்பிருந்தால் சட்டிப் பக்கம் யாரையும் அண்டவிடாத அந்தப் பெரிய பெட்டை மீன் விருட்டென்று பாய்ந்து வந்து அவள் விரலைக் கடித்தது. அவள் கையை எடுக்காமல், இன்னொரு கடிக்காக அப்படியே வைத்துக்கொண்டு சிரித்தாள்.