முடிச்சுக்கு ஓர் ஆள்

கட்சியில் அவருக்கு அறிக்கை அண்ணன் என்று பெயர். எது நடந்தாலும் மறுநாள் காலையில் அவர் எழுதிய அறிக்கை வந்துவிடும். கல்யாண வாழ்த்தில்கூட மூன்று கோரிக்கை வைப்பார் என்று மனைவியே கேலி செய்வாள்.

நோய் ஊரையே உலுக்கிய அந்த மாதத்தில், ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் சலவைக்கூடத்துத் தொழிலாளர்கள் கையுறை கேட்டு வாசலில் நின்றார்கள். முதல் ஆளாக நின்றவன் அவருடைய மைத்துனன், மனைவியின் தம்பி. அவனும் அதே கட்சிதான்.

மறுநாள் அவர்கள் நின்ற படம் பத்திரிகையில் வந்தது; பகலில் கமிட்டி செல்போனில் கூடியது.

"ஊரடங்கு வேணும்னு நாமளே கேட்டுட்டு, நாமளே தெருவுல கூட்டம் போட்டா ஜனம் சிரிக்காதா?" என்றார் அண்ணன்.

"வீட்டுல இருன்னு சொல்றது வீட்டுல இருக்க முடிஞ்சவனுக்குத்தான், தோழர்." கோபம் வந்தால்தான் மைத்துனன் அவரைத் தோழர் என்பான், மற்ற நேரம் மச்சான்தான். "நோயாளி படுத்த விரிப்பை வெறுங்கையால உதறுறோம். நாங்க எப்படி நின்னோம்னாவது..."

குரல் அறுந்தது.

"சிக்னல் போயிடுச்சு போல," என்றார் அண்ணன்.

சிக்னல் எங்கும் போகவில்லை. கூட்டத்தை நடத்தியவர் அவர். மியூட் பொத்தான் அவர் விரலடியில் இருந்தது.

பிறகு, போராட்டத்தை 'அவசரப்பட்டது' என்பதா, 'பொறுப்பற்றது' என்பதா என்று முக்கால் மணி நேரம் வாதம். 'பொறுப்பற்றது' ஒரே ஓட்டில் ஜெயித்தது. அண்ணன் அதை வைத்து அன்றே அறிக்கை எழுதினார். எப்படி நின்றார்கள் என்று ஒரு ஜீவன்கூடக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த அறிக்கையை நிர்வாகமே பெரிதாக அச்சடித்து கேட்டில் ஒட்டியது. அதன் கீழே வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட ஒன்பது பேரின் பட்டியல். முதல் பெயர் மைத்துனனுடையது.

மனைவி சண்டை போடவில்லை. தினமும் காலையில் கண்ணை மூடி குடும்பத்தில் உள்ளவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கும்பிடுவாள். பட்டியல் வந்த மறுநாள் தம்பி பெயரை ஒரு தடவையும் கணவன் பெயரை இரண்டு தடவையும் சொன்னாள். அவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த இரண்டாவது தடவை நெஞ்சில் போய்த் தைத்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

சலவைக்கூடத்து வாசலில் அவர் கண்ட காட்சி கால்களைக் கட்டிப்போட்டது. தெரு நீளத்துக்கு, துணி காயப்போடும் ஒரு கொடிக்கயிறு. இரண்டு கை தூரத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஓர் ஆள். ஒருவர் மூச்சு இன்னொருவர் மேல் படாது. பத்திரிகைப் படத்தை வரிசையின் முனையில் நின்று எடுத்திருந்தார்கள், அதனால் எல்லாரும் ஒட்டி நின்றதுபோல் தெரிந்திருக்கிறது. இதைத்தான் அவன் சொல்ல வந்தான்.

"அண்ணே, வேர்வையில மாஸ்க் நனைஞ்சிருச்சே," என்றாள் இஸ்திரி மெஷின் ஓட்டும் அக்கா. பட்டியலில் அவள் மூன்றாவது. பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கயிற்றின்மேல் தொங்கவிட்டு விலகி நின்றாள். "போட்டுக்குங்க. நாங்க துவைச்சது, பயப்படாதீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். மாஸ்க்கை மாற்றிக்கொண்டார். மைத்துனன் பக்கம் திரும்பினார்.

"மச்சான், அன்னைக்கு சிக்னல் போகல. நான்தான் உன்னை மியூட் பண்ணேன்."

"தெரியும் மச்சான். என் போன்லயும் அந்த அடையாளம் வந்துச்சு."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"சொன்னா என் அக்கா காதுக்குப் போகும். அப்புறம் ஒரே வீட்டுல நீங்க ரெண்டு பேரும் எப்படி இருப்பீங்க?"

அண்ணன் தலை குனிந்தது. தன் பேச்சை அவர் பறித்ததையே, அவருக்காக அவன் வாய்க்குள் வைத்துப் பூட்டியிருந்தான்.

பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார். தன் அறிக்கையின் குறுக்கே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி எழுதினார்: 'இதை எழுதியவன் வந்து பார்க்கவில்லை. சொல்ல வந்தவனையும் பேசவிடவில்லை. பொறுப்பற்றவன் நான்.' கீழே கையெழுத்துப் போட்டார். வாழ்நாளில் அவர் எழுதியதிலேயே சின்ன அறிக்கை அதுதான். இதற்குக் கமிட்டி என்ன சொல்லும், நிர்வாகம் ஒன்பது பேரையும் திரும்ப எடுக்குமா என்று அவருக்குத் தெரியாது.

"இதுல கோரிக்கை எதுவும் காணோமே மச்சான்?"

"கோரிக்கை உங்களோடது. அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"கடைசி முடிச்சு சும்மாதான் கிடக்கு," என்றாள் இஸ்திரி அக்கா. "வெயில் அடிக்கும், பரவாயில்லையா?"

அவர் போய் அதைப் பிடித்துக்கொண்டார்.