மரத்தில் காய்த்த பூசணி

பஸ் ஓட்டும் அவளுக்கும், தையல் கடை வைத்திருந்த அவள் அண்ணிக்கும் ஒரே ஆசை: தாங்களே வளர்த்த ஒரு பூசணிக்காய். குடியிருந்த நாலாவது மாடியில் வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. ஜன்னலில் வைத்த கன்றெல்லாம் நூலாய் இளைத்துச் செத்தன. அதனால்தான் டிப்போவுக்குப் பின்னால் இருந்த காட்டுக்குள் நுழைந்தார்கள். முட்புதரைத் தாண்டினால், ஒரு பெரிய மரம் விழுந்து கிடந்த இடத்தில் வானம் தெரிந்தது.

"அண்ணி, இதான் நம்ம தோட்டம்!" என்று கத்தியவள் சட்டென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். யாரிடம் அனுமதி கேட்பதென்று இருவருக்கும் தெரியாது. கேட்டால் கிடைக்காது என்பது மட்டும் தெரியும்.

மண்வெட்டி பட்ட இடமெல்லாம் வேர். முதலில் முளைத்ததை நத்தை மேய்ந்தது. மறுபடி விதைத்தார்கள். ஓடையிலிருந்து கேனில் தண்ணீர் சுமந்து தோள் கன்றிப்போனது.

"ரெண்டு பேரும் லீவு நாள்ல எங்க காணாமப் போறீங்க?" என்று அண்ணன் கேட்டான்.

"நடைப்பயிற்சி" என்றாள் அண்ணி.

"முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காத" என்றான் அவன். தங்கைக்குப் புரையேறிவிட்டது.

மான் வராமலிருக்க அண்ணி பழைய திரைச்சீலைகளைத் தைத்து வேலி கட்டினாள். ஒரு நாள், மதிய டூட்டிக்கு முன்னால் காலையில் போய்ப் பார்த்தால் வேலி கிழிந்து கிடந்தது. கொடிகள் எல்லாம் மொட்டை.

அண்ணி விழுந்த மரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டாள். "போச்சுடி. மானுக்குப் பந்தி வெச்சிருக்கோம்."

"அண்ணி... மேல பாருங்க!"

ஒரு கொடி மட்டும் வெளிச்சம் தேடிப் பக்கத்து மரத்தில் ஏறியிருந்தது. அடித்தண்டு முள்ளுக்குள் இருந்ததால் மான் வாய்க்குத் தப்பியிருந்தது. உச்சாணிக்குக் கொஞ்சம் கீழே, இலைகளுக்கு நடுவில், செக்கச்செவேலென்று ஒரு பூசணி! காற்றில் ஊசலாடியது.

"காம்பு விரியுதுடி!" சொன்ன வேகத்தில் அண்ணி செருப்பை உதறினாள். கிழிந்த திரைச்சீலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறத் தொடங்கினாள். வீட்டில் ஸ்டூல்மேல் ஏறவே பயப்படுகிறவள்!

"அண்ணி, வேணாம்! நான் ஏறறேன்!"

"நீ கீழ நில்லு. விழுந்தா என்னைப் பிடி. இல்ல, காயைப் பிடி!"

பூசணிக்கு அடியில் துணியைக் கொடுத்துத் தூளி மாதிரிச் சுற்றி, கிளையில் முடிச்சுப் போட்டாள். அதே நொடியில் படக்கென்று காம்பு முறிந்தது. துணி விறைத்தது. தங்கை கண்ணை மூடிக்கொண்டாள்.

"திறந்து பாருடி! என் தையல் பிரியுமா?"

முடிச்சைத் தளர்த்தி மெல்ல மெல்ல இறக்கினாள். காய் கைக்கு வந்ததும் தங்கை அதைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அண்ணி மரத்திலேயே உட்கார்ந்து, இறங்கத் தெரியாமல், விழுந்து விழுந்து சிரித்தாள்.

அன்று மதிய பஸ்ஸில், ஓட்டுநருக்குப் பின் சீட்டில் அண்ணி; அவள் மடியில் பூசணி.

"எந்தக் கடையில வாங்கினீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கடையா? மரத்துல ஏறிப் பறிச்சேன்."

பஸ்ஸே சிரித்தது. தங்கை சும்மாவே ஒரு ஹாரன் அடித்தாள்.