இரண்டு சைக்கிளுக்கு ஒரு வெல்டிங் மெஷின்

மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கார்குழலிக்குப் பதினான்கு வருடமாக ஒரே வேலை. துறைமுகத்திலிருந்து வரும் பெட்டிகளைச் சுற்றி வந்து, அடிபட்ட இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டு, எங்கே வெட்ட வேண்டும், எங்கே ஒட்ட வேண்டும் என்று சீட்டு எழுதிக் கொடுப்பாள். ஒரு வெல்டு நல்லதா சொத்தையா என்று பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். ஆனால் வெல்டிங் ராடைத் தானே பிடித்தது போன வருடம்தான். சனிக்கிழமைகளில் நடந்த ஒரு இலவசப் பயிற்சியில் மூன்று மாதம் கற்றுக்கொண்டாள். எதற்கு என்று கேட்டவர்களிடம், "ஆசைதான்" என்றாள்.

ஆசைக்கு ஒரு காரணமும் இருந்தது. அவள் கணவன் பீம்ராவ் வியாசர்பாடியில் மைக் செட் வைத்திருப்பவன். சில வருடங்களாக அவன் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. இப்போது நேர் எதிரே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத்தான் தெரியும். மைக் செட்டுக்குக் காது போதும், அந்தத் தொழில் நிற்கவில்லை. நின்றுபோனது சைக்கிள்தான். ஞாயிறு காலையில் எண்ணூர் வரை மிதித்துவிட்டு வருவது அவனுக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழக்கம். இரண்டு வருடத்துக்கு முன் ஓரமாக நின்றிருந்த ஆட்டோவில் மோதினான். அன்றைக்குச் சுவரில் சாத்திய சைக்கிளை அப்புறம் தொடவேயில்லை.

அந்தச் சைக்கிளையும் தன்னுடைய பழைய சைக்கிளையும் வெட்டி ஒட்டி, முன்னும் பின்னுமாக இரண்டு பேர் மிதிக்கிற ஒரே வண்டியாக்க வேண்டும் என்பது கார்குழலியின் திட்டம்.

"நீ முன்னாடி, நான் பின்னாடியா? ஏரியாவே சிரிக்கும்மே."

"சிரிக்கட்டும்யா. நம்ம வூட்டு சோறா குறையப் போவுது?"

மூன்று நாள் அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்காம் நாள் மைக் செட் கொட்டகையில் பாதியை ஒழித்துக் கொடுத்தான். "என் ஸ்பீக்கர் மேல தூசி பட்டுதுன்னா பேஜாராயிடும், சொல்லிட்டேன்" என்றான். அவ்வளவுதான் சம்மதம்.

கையில் பதினைந்தாயிரம் ரூபாய் இருந்தது. இருவரும் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் போனார்கள். ஒடிந்த சைக்கிள் ஒன்றிலிருந்து அறுத்தெடுத்த குழாய்த் துண்டைக் கார்குழலி பையில் போட்டிருந்தாள்.

முதலில் ஒரு பழைய சாமான் கடை. அங்கே கிடந்தது பீரோ பாதி உயரத்துக்கு ஒரு வெல்டிங் மெஷின். கப்பல் வேலைக்கு ஓடியது, உள்ளே அத்தனையும் செம்பு, இந்த விலைக்குக் கிடைக்காது என்றான் கடைக்காரன். விலையும் உண்மையில் குறைவுதான். யார்டில் இதே மாதிரியான மெஷின்களைப் பார்த்துப் பழகிய கார்குழலிக்கு ஆசை வந்துவிட்டது. கடைக்காரன் சுவிட்சைப் போட்டான். தரை அதிர்ந்தது.

பீம்ராவ் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். "வாணாம்மே. இது உறுமற உறுமல்ல நம்ம தெருவே இருட்டாயிடும்."

"வூட்டு கரண்ட்லயே ஓடும் சார்" என்றான் கடைக்காரன்.

"எந்த வூட்டு கரண்ட்ல? உன் வூட்லயா, ஈபி ஆபீஸ்லயா?" என்று கேட்டுவிட்டு பீம்ராவ் வெளியே நடந்தான்.

நான்கு கடை தள்ளி மகிமாவின் கடை. அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து ஆரம்பித்தது. இப்போது மகிமாதான் பார்த்துக்கொள்கிறாள். முப்பது வயதிருக்கும். வந்தவர்களிடம் மெஷினைக் காட்டாமல் கேள்வி கேட்டாள்.

"என்னத்த ஒட்டப் போறியக்கா?"

கார்குழலி குழாய்த் துண்டை நீட்டினாள். மகிமா அதன் ஓரத்தை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். "ஒன்றரை மில்லிகூட இருக்காது. இதுக்குப் போய்ப் பெரிய மெஷினா? பொசுங்கில்லா போயிரும்."

கைப்பெட்டி அளவில் ஒரு இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷினை எடுத்து மேசையில் வைத்தாள். ஒற்றைக் கையால் தூக்கலாம், வீட்டு லைனில் ஓடும், கரண்டைக் குறைத்து வைத்தால் மெல்லிய குழாயையும் ஒட்டலாம் என்றாள். "நான் சொல்லுதேன்னு வாங்காதிய. ஒட்டிப் பாத்துட்டு வாங்குங்க."

கடை வாசலிலேயே சோதனை. கார்குழலி முகமூடியை மாட்டினாள். பீம்ராவ் பக்கத்தில் நின்றான்.

"அண்ணே, நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சாத்தானம்மா கண்ணு கூசும்."

"கூசாட்டாலும் சுடும்ணே. திரும்புங்க."

அவன் சிரித்தபடி திரும்பி நின்றான். கார்குழலி ராடை வைத்தாள். சடசடவென்று பொறி பறந்தது. குழாயில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. வேடிக்கை பார்த்த லோடுமேன்கள் "ஜன்னல் வச்சிட்டாங்கடா" என்றார்கள். அவளுக்குக் காது சூடானது. மகிமா கரண்டை இறக்கி, மெல்லிய ராடாக மாற்றிக் கொடுத்தாள்.

இரண்டாவது தடவை ராடே குழாயில் சிக்கி ஒட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை, முதுகைக் காட்டி நின்ற பீம்ராவ் குரல் கொடுத்தான். "சத்தம் விட்டு விட்டு வருது. கிட்ட எட்த்துனு போ. ஆங், அப்டியே. இப்ப வடை வேவுற மாதிரி கீது பாரு, அத்த வுடாத!"

அவள் அந்தச் சத்தத்தை விடாமல் கையை நகர்த்தினாள். ஆறியதும் மேலே படிந்த கசடைத் தட்டிவிட்டுப் பார்த்தால், அடுக்கி வைத்த காசுகள் போல வெல்டு. இதே வேலையை வேறொருவர் செய்திருந்தால் யார்டில் சரி என்று கையெழுத்துப் போட்டிருப்பாள்.

"அண்ணன் வெல்டரா?" என்றாள் மகிமா.

"மைக் செட்டு" என்றான் பீம்ராவ்.

வெட்டுவதற்கு ஸ்டாண்டோடு வரும் பெரிய கட்டரில் கார்குழலி கண் வைத்தாள். "தினம் நூறு பைப் வெட்டப் போறியளா?" என்று கேட்டு மகிமா அதை ஒதுக்கினாள். நாலு இஞ்ச் கிரைண்டர் போதும், ஒரு சக்கரம் போட்டால் வெட்டும், வேறு சக்கரம் மாற்றினால் தேய்க்கும் என்றாள். அதைவிட மலிவாக ஒன்று இருந்தது. ஆனால் அதில் சக்கரத்துக்கு மேல் கவர் இல்லை. "அத நான் உங்களுக்குத் தர மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். மிச்சப்பட்ட பணத்தில் வெளிச்சம் பட்டதும் தானே கறுத்துக்கொள்ளும் கண்ணாடி வைத்த முகமூடி, தோல் கையுறை, அவனுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி. ஷேர் ஆட்டோவுக்கும் கொஞ்சம் மீந்தது.

கிரைண்டர் வாங்கின செய்தி அவர்களுக்கு முன்பே தெருவுக்குப் போய்விட்டது. எதிர் வீட்டு ராஜாத்தி வாசலுக்கே வந்தாள். "அரிசி ஊறப் போட்டா ஒரு ஈடு ஆட்டித் தருவியாக்கா?" பெட்டியைத் திறந்து காட்டியதும் தலையிலடித்துக்கொண்டு போனாள்.

வேலை ஐந்து வாரம் ஓடியது. பெயின்ட்டைச் சுரண்டி, வெட்டி, ஒட்டி, முன் பெடல்களும் பின் பெடல்களும் சேர்ந்தே சுற்றும்படி ஒரு செயினால் இணைத்தாள். நான்காம் வாரம் வண்டியைத் திண்டு மேல் நிறுத்தி, நடுக்குழாயில் ஏறி நின்று குதித்தாள். இரண்டாவது குதியில் ஒரு இணைப்பு விரிந்தது. அன்றைக்குச் சாப்பிடவில்லை. மறுநாள் பீம்ராவ் தானே கிரைண்டரை எடுத்து அவள் கையில் வைத்தான். "தேய்ச்சுட்டு மறுபடி போடு. ரோட்டுல போவசொல்ல வுடாம, இங்கியே வுட்டுச்சே, அதுவரைக்கும் நல்லது." கெட்ட வெல்டை முழுக்கத் தேய்த்தெடுத்து, உள்ளே ஒரு துண்டுக் குழாயைச் செருகி மறுபடி ஒட்டினாள். இந்த முறை ராஜாத்தியையும் சேர்த்து மூன்று பேர் ஏறிக் குதித்தார்கள். அசையவில்லை.

அந்த ஞாயிறு விடிந்ததும் கிளம்பினார்கள். தெருவில் சிரிக்கத்தான் செய்தார்கள். பீம்ராவ் கையை ஆட்டிக்கொண்டே போனான். தண்டையார்பேட்டை வரை உடம்பை விறைப்பாக வைத்து, பின் சீட்டுக்கு வைத்த அசையாத ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருந்தான். திருவொற்றியூர் தாண்டிக் கடற்காற்று முகத்தில் அடித்ததும் தோள் இளகிவிட்டது. "லாரி வருது, ஓரம் போறேன்" என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் பின்னாலிருந்து மிதித்தான். எண்ணூரில் டீ குடித்தார்கள். வண்டியைச் சுற்றி வந்த ஒருவர் எங்கே வாங்கியது என்று கேட்டார். "வூட்ல செஞ்சது" என்றான் பீம்ராவ், மார்பை நிமிர்த்தி.

திரும்பும்போது எதிர்க்காற்று. கொஞ்ச தூரம் போனதும் பீம்ராவ் மூச்சு வாங்கினான்.

"நீ மிதிக்கல."

"மிதிக்கிறேன்யா."

"பொய் சொல்லாத. பெடல் மேல கால வெச்சிகினு சும்மா வர்ற. மொத்த கனமும் எனக்குத் தெரியுது."

கார்குழலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வண்டி ஒரு ஆட்டம் ஆடி நேரானது. அதன் பிறகும் அவள் உடனே மிதிக்கவில்லை. பின்னால் அவன் திட்டிக்கொண்டே வேகத்தைக் கூட்டினான்.