மூன்றாவது ஆளின் சோறு

அந்தத் தையல் கடையில் மிஷினுக்கு எண்ணெய் விடுவதற்கு முன்பே ஒரு வேலை நடந்துவிடும். நேற்று ராத்திரி யார் வீட்டில் என்ன சாப்பாடு என்று விசாரிப்பதுதான் அது. காஜா எடுக்கும் அக்கா ஆரம்பித்து வைப்பாள். அவள் மருமகள் ஒரே பருப்பை ஒரு நாள் குழம்பு என்றும் மறுநாள் கூட்டு என்றும் சொல்லி வாரம் முழுக்க ஓட்டுகிறாளாம். கட்டிங் மாஸ்டரின் மனைவி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். அந்த மனுஷருக்குத் தினமும் முட்டை, ரொட்டி; அலுத்துப்போனால் ரொட்டி, முட்டை. கடைசியில் இருவரும் தையல்காரரைப் பார்ப்பார்கள்.

அவர் அடக்கமாகச் சொல்வார். சோறு, மீன் குழம்பு, கீரை, கொஞ்சம் உருளைக்கிழங்கு வறுவல். கேட்டவர்களுக்கு நாக்கில் நீர் ஊறியதைவிட மனசு குளிர்ந்ததுதான் அதிகம். பரவாயில்லை, ஆள் சாப்பிடுகிறார் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். போன மழைக்காலத்தில் அவருடைய ஒரே பையன் மோட்டார் சைக்கிளில் போய் லாரியில் மோதி இறந்திருந்தான்.

எவ்வளவு சாப்பிடுகிறார் என்பதை மட்டும் தையல்காரர் யாரிடமும் சொல்லவில்லை.

பையன் அச்சகத்தில் வேலை பார்த்தவன். விரல் நகத்தில் மை, வயிறு முதுகோடு ஒட்டிக் கிடக்கும், ஆனால் வீட்டில் அவன் பெயர் பானை. தட்டில் போட்டதைச் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தையும் தன் பக்கம் இழுத்து வழித்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். அத்தனையும் எங்கேதான் போகிறதோ என்று அவன் அம்மா பெருமையோடு அலுத்துக்கொள்வாள்.

அவன் போனபின் உறவுக்காரர்கள் கொஞ்ச நாள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். அதுவும் நின்றது. அவள் முதல்முதலாக அடுப்பைப் பற்றவைத்த அன்று கை தன் பழக்கத்துக்கு அளந்துவிட்டது. ஒரு ஆள் சாப்பாடு அப்படியே மிஞ்சியது. மறுநாள் காலையில் தையல்காரர் பார்த்தபோது, அந்தச் சோற்றைக் கொட்ட மனசில்லாமல் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழக்கூட இல்லை. அவள் அழுதிருந்தால் அவர் தாங்கியிருப்பார். இனி இந்த வீட்டில் ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினார்.

முடிவு என்றால் முடிவுதான். அன்று ராத்திரியிலிருந்து தன் பங்கைச் சாப்பிட்டுவிட்டுப் பையனின் பங்கையும் சாப்பிட்டார். பாத்திரத்தை இழுத்து அவனைப் போலவே வழித்தார். பானை வழித்த இடத்தில் அப்பன் கை வைத்து வழித்ததைத் தண்ணீர் குடித்துக் குடித்து இறக்கினார். அதில் ஒரு ஆறுதலும் இருந்தது, அதை மறைப்பானேன்? அவள் இன்னும் மூன்று பேருக்குத்தான் சமைக்கிறாள். அப்படியென்றால் பையனுக்கு இந்த வீட்டில் இன்னும் சாப்பாடு உண்டு. சாப்பாடு இருக்கிறவன் முழுசாகப் போய்விட்டான் என்று எப்படிச் சொல்வது?

பேசித் தொலைத்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் பையன் பேச்சை எடுத்தால் மற்றவர் உடைந்துபோவார் என்று இரண்டு பேருமே வாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் பாத்திரத்தைக் கொண்டுவந்து வைப்பாள், அவர் காலி செய்வார். சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்கிற வழக்கம் அவருக்கு எப்போதுமே கிடையாது. ஊர் இடுப்பையெல்லாம் அளக்கிற மனுஷர், தன் கால்சட்டையின் இடுப்புத் தையலை யாரும் பார்க்காத நேரத்தில் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை வெளியே விட்டுத் தைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் விடுவதற்குத் துணியும் இல்லாமல் போனது.

ஒரு மதியம் மிஷினில் உட்கார்ந்தபடியே கண் இருட்டிச் சாய்ந்துவிட்டார். கட்டிங் மாஸ்டர் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், காஜா அக்கா வீட்டுக்கு ஓடி அவர் மனைவியை அழைத்துவந்தாள். சர்க்கரை தாறுமாறாக ஏறியிருந்தது. ராத்திரியில் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். கடையில் கேட்கிற அதே கேள்விதான், ஆனால் இவர் அளவையும் சேர்த்துக் கேட்டார். மனைவி பக்கத்தில் நிற்கும்போது பொய் வரவில்லை. எவ்வளவு என்றும், அதைப் பசியில்லாமலே வலிய இறக்குவதாகவும் சொன்னார். இப்படியே போனால் கண்ணும் காலும் கெட்டுப்போகும் என்று டாக்டர் திட்டி மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள்தான் முதலில் பேசினாள்.

"எதுக்குங்க இப்படி முடியாம முடியாம சாப்பிட்டீங்க?"

"மிச்சம் விழுந்தா நீ தாங்க மாட்டே," என்றார். "அதான் அவன் பங்கையும் நானே சாப்பிட்டேன்."

அவள் புரியாமல் அவரைப் பார்த்தாள்.

"அவன் பங்கா? அதை நான் ரெண்டாவது நாளே நிறுத்திட்டேன். கணக்கா நமக்கு மட்டுந்தான் போட்டேன். என் பங்கை எடுத்து வெச்சுக்கிட்டு மீதியைக் கொண்டுவந்தேன், நீங்க பாத்திரத்தை வழிச்சீங்க. பத்தலையோன்னு மறுநாள் கொஞ்சம் கூடப் போட்டேன், அதையும் வழிச்சீங்க. துக்கத்துல சிலருக்குப் பசிக்கும்னு சொல்வாங்களே, இவராவது சாப்பிடட்டும்னு போட்டுக்கிட்டே இருந்தேன். எல்லாமே உங்களுக்குன்னு போட்டதுதாங்க."

இத்தனை ராத்திரியும் பையனுக்கு என்று நினைத்து அவர் விழுங்கியது எதுவும் அவனுக்கு வைத்ததே இல்லை. அவனுக்கு அந்த வீட்டில் சாப்பாடு எப்போதோ நின்றுபோயிருந்தது, அது தெரியாமல் இவர் மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பையனைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட நிமிர்ந்து நின்றவர், அங்கே வாய்விட்டு அழுதார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒதுங்கி இடம் விட்டார்கள். இந்த மனுஷரைச் சீக்காளியாக்கியது தன் கைதான் என்று அவளும் அழுதாள். அவர்கள் போக வேண்டிய பஸ் வந்தது, நின்றது, போனது.

வீடு வந்ததும் அவள் முகம் கழுவிவிட்டு உலை வைத்தாள். பிறகு அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். அவர் வந்து வாசலில் நின்றார். அரிசிக்குள் டம்ளரை வைத்தபடி அவள் திரும்பாமலே கேட்டாள்.

"எவ்வளவு போடட்டும்?"

கல்யாணமான நாளிலிருந்து அவள் அவரிடம் கேட்காத கேள்வி அது. பதில் அவருக்குத் தெரியும், கடையில் இருக்கிறவர்களுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். ஆனால் அதை இதுவரை அவர் வாயால் சொன்னதில்லை. அவள் அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் கொதித்து மூடியைத் தள்ளியது.

"நாம ரெண்டு பேருதானே," என்றார்.

அவள் அளந்து போட்டாள்.