மடுப்பு

பயிற்சி அட்டையில் இருந்த வரி ‘எனக்கு வாழப் பிடிக்கவில்லை’ என்பது. சிவபிரசாத் அதை வாசிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஷிபினின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு, “மடுத்துட்டு மக்கா,” என்றான்.

தற்கொலை எண்ணத்தோடு இருக்கும் சக மாணவரை எப்படி அடையாளம் காண்பது, எப்படிப் பேசுவது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுக்க மதுரையிலிருந்து பாஹிமா மேடம் வந்திருந்தார். இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் துயரத்தில் இருப்பவராகவும் மற்றவர் கேட்பவராகவும் நடிக்க வேண்டும்.

“மடுத்துட்டுன்னா?” என்று மேடம் கேட்டார்.

“போரடிக்குன்னு அர்த்தம் மேடம்,” என்றான் ஷிபின். “இவனுக்கு கிளாஸ்ல இருந்தாலே மடுப்புதான்.”

அறை சிரித்தது. சிவபிரசாத்தும் சிரித்தான். மேடம் அடுத்த ஜோடியிடம் போனார்.

மதியம் சோற்றைப் பிசையும்போதுதான் ஷிபினுக்கு உறைத்தது. மற்றவர்கள் எல்லாம் அட்டையில் இருந்த பேச்சைப் பேசினார்கள். முன்பின் தெரியாதவரிடம் பேசுவதுபோல ‘நீங்கள்’ என்றார்கள். இவன் ‘மக்கா’ என்றான். படித்து மடுத்துவிட்டது, பஸ்ஸுக்கு நின்று மடுத்துவிட்டது என்று எதனால் என்பதையும் சேர்த்துத்தான் யாரும் சொல்வார்கள். இவன் சொல்லவில்லை. வெறுமனே மடுத்துட்டு என்று ஷிபின் கேட்டது ஒரே ஒருவரிடம்தான். படுக்கையில் கிடந்த அப்பா, கடைசி நாட்களில்.

நிமிர்ந்து பார்த்தான். சிவபிரசாத்தின் நாற்காலி காலியாக இருந்தது.

கையைக்கூடக் கழுவாமல் வாசலுக்கு ஓடினான். பஸ் நிறுத்தத்தில், தூறலில், சிவபிரசாத் தனியாக நின்றிருந்தான்.

“டிரெயினிங் முடியலியே, எங்க போற?”

“பூதப்பாண்டிக்கு. வீட்டுக்குப் போவப்பிடாதா?”

காலையில் மனப்பாடம் செய்த வாக்கியம் ஷிபினின் வாயில் வந்தது. “தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் உங்களுக்கு...”

“உங்களுக்கா?” சிவபிரசாத் சிரித்தான். “போய்ச் சாவுல.”

தினமும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான். இன்று சொல்லிவிட்டு அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“லே பிரசாத்து,” என்றான் ஷிபின். “சாவணும்னு தோணுதால?”

தகரக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“கொஞ்ச நாளாவே,” என்றான் சிவபிரசாத்.

“இன்னைக்கா?”

அவன் இல்லை என்று சொல்லவில்லை. உள்ளங்கையை நீட்டினான்.

“யாருட்டயும் சொல்லமாட்டேன்னு உங்கம்மை மேல சத்தியம் பண்ணு.”

வளைவில் பஸ் திரும்பியது. அந்தக் கையில் ஓர் அடி அடித்தால் போதும், நண்பன் நண்பனாகவே பஸ் ஏறிப் போவான். ஷிபின் அடிக்கவில்லை. சோற்றுக் கையால் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“சொல்லுவேன். மேடத்துட்ட இப்பவே சொல்லுவேன்.”

“பின்ன நீ எனக்குக் கூட்டுக்காரன் இல்ல பாத்துக்க.”

“இல்லாம போட்டு.”

பஸ் நின்றது. சிவபிரசாத் கையை உதறினான். பிடி விடவில்லை.

“ஏறுகியளா, இல்ல கையப் பிடிச்சு வெளையாடுகியளா?” என்றார் கண்டக்டர்.

“இல்லண்ணே, நீங்க போங்க,” என்றான் ஷிபின்.

பஸ் போனது. இடது கையால் போனை எடுத்து, காலையில் மேடம் பலகையில் எழுதிப்போட்ட எண்ணை அழைத்தான். “மேடம், காலைல நான் தப்பாச் சொல்லிட்டேன். மடுத்துட்டுன்னா போரடிக்கது இல்ல.” அதற்குமேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. “பஸ் ஸ்டாப்ல இருக்கோம். சிவபிரசாத்தும் நானும். உடனே வாங்க.”

தூறல் வலுத்தது.

“கை வலிக்குல,” என்றான் சிவபிரசாத்.

“வலிக்கட்டு.”

“அவங்க மதுரைக்காரங்க. நான் சொன்னா வெளங்குமா?”

“நான் கூட இருக்கேன். இந்த மட்டம் ஒழுங்காச் சொல்லுகேன்.”

கல்லூரி வாசலில் பாஹிமா மேடம் குடையில்லாமல் ஓடி வருவது தெரிந்தது. ஷிபினின் விரல்கள் மரத்து, பிடி தானாகத் தளர்ந்திருந்தது. சிவபிரசாத் கையை இழுத்துக்கொள்ளவில்லை.