புரி பிரித்துப் பாராத கயிறு

கதிரவன் குன்றின் தோளைக் கடந்தேறி, ஊரின் ஓட்டுக் கூரைகளின்மேல் பொன்னை உருக்கி வார்த்தாற்போல ஒளி பரப்ப, வழிபாடு முடித்த மக்கள் கோயில் முற்றத்தில் புறாக்கூட்டமென நிறைந்திருந்த ஞாயிற்றுக்கிழமைக் காலை அது. வானளாவிய மணிக்கோபுரமோ, மழையும் வெயிலும் மாறிமாறி அரித்தமையால் காரை உதிர்ந்து, நெடுநாள் நோயுற்றவரின் மேனிபோல் நின்றது. மறுநாள் அதனைச் செப்பனிடுதற்குச் சாரம் கட்ட வேண்டும். அதற்குரிய கயிறுகளெல்லாம் கோபுரத்தின் அடியில், நார்மணம் கமழும் சிற்றறையில் சுருள்சுருளாய்த் தொங்கின.

அவ்வறையைக் காப்பவள் கொத்தன் ஒருவனின் கைம்பெண். கயிற்றுக்காரி என்பது ஊரார் அவளுக்கு இட்ட பெயர். எக்கயிறாயினும் முறுக்கவிழ்த்து, மூன்று புரிகளையும் பிரித்து, உள்ளே இற்ற நார் உண்டோவென விரலால் தடவிப் பார்த்த பின்னரே சாரத்துக்குக் கட்ட வேண்டும் என்பது அத்தொழிலின் மாறா நெறி. ஐந்தாண்டுகளுக்கு முன் அங்ஙனம் பாராது, கைக்கெட்டியதைக் கட்டினான் ஒருவன், கட்டு அறுந்தது, அவள் கணவன் கல்தரையில் வீழ்ந்து மாண்டான். கட்டியவனை ஊரார் முடிச்சுக்காரன் என்பர். சிறை சென்று மீண்டு, இறைமக்கள் முன்னே முழந்தாளிட்டு அழுத அவனை அவளே கைபற்றி எழுப்பினாள். அவன் நோயுற்ற நாளில் கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். நாவளவில் நின்ற மன்னிப்பன்று அது, கற்றறிந்தோரே!

ஆயினும் அக்கோயிலின் அருட்டந்தையார், முற்றத்தில் நின்ற முடிச்சுக்காரனைச் சுட்டி, அதனினும் மிகுதியாய் வேண்டினார்.

"ஏம்மா, நாளைக்குச் சாரத்தை இவனே கட்டட்டுமே. நீ மன்னிச்சதை ஊரே கண்ணால பார்க்கட்டும்."

"சாமி, நீங்க கீழ நின்னு பார்ப்பீங்க. மேல ஏறப்போறது நாங்கதானே?" என்றான் ஓர் இளங்கொத்தன். கூட்டம் சிரித்தது.

முடிச்சுக்காரன் சிரிக்கவில்லை. "அக்கா, அஞ்சு வருஷமா ஒரு முடிச்சுகூடப் போடல. இப்ப விட்டீங்கன்னா, நானும் மனுஷன்னு நிமிர்ந்து நடப்பேன்."

அவள் நெஞ்சு நீர்பட்ட மண்கட்டிபோல் இளகிற்று. "சரி தம்பி. ஒண்ணு கட்டிக் காட்டு."

களிப்பு மீதூர அறைக்குள் பாய்ந்தவன், கொக்கியில் தொங்கிய முதற் கயிற்றை உருவி வந்து, தூணோடு கழியைச் சேர்த்து, காண்போர் வியக்க இமைப்பொழுதில் கட்டி, மலர்ந்த முகத்தோடு திரும்பினான். முடிச்சு சிற்பம்போல் இருந்தது. புரியை மட்டும் அவன் பிரிக்கவில்லை.

அவள் அருகே சென்று, கட்டை அவிழ்த்து, புரிகளைப் பிரித்து நோக்கினாள். உள்ளே நார் புதிதாய் மின்னிற்று.

"நல்ல கயிறுதானேம்மா!" என்றார் அருட்டந்தையார்.

"நல்ல கயிறுன்னு இப்பத்தான் சாமி தெரியுது. கட்டும்போது இவனுக்குத் தெரியாதே."

"கணக்குப் பார்க்காம மன்னிக்கணும்மா."

"என் புருஷன் போனதை மன்னிச்சிட்டேன். அது என்னோடது, குடுத்தாச்சு. நாளைக்கு ஏறுறவங்க உயிர் என்னோடது இல்லையே சாமி, அதை எப்படி எடுத்துக் குடுப்பேன்?"

முடிச்சுக்காரன் தன் கைகளையே வெறித்து நோக்கினான். "அக்கா சொல்றது சரிதான், சாமி" என்று சொல்லி, ஒருவர் முகமும் பாராமல் வாயிலைக் கடந்து போனான். கூட்டத்துள் சிலர், கல்நெஞ்சுக்காரி என்று முணுமுணுத்தனர். பிறர் புண்ணின்மேல் ஏறி நின்று பெருந்தன்மை கற்பிப்போர்க்கு எவ்வூரில்தான் பஞ்சம்! அவருள் ஒருவரேனும் அச்சாரத்தில் ஏற ஒருப்பட்டாரோ?

அவள் ஆளொழிந்த கோயிலுள் நுழைந்து முழந்தாளிட்டாள். பிறர் அறியாத ஒன்று அவளை உள்ளிருந்து சுட்டது.

"ஆண்டவரே, அவன் புரியைப் பிரிக்காம விட்டப்ப, எனக்குள்ள ஒரு சந்தோஷம் வந்துச்சு. மாட்டிக்கிட்டான்னு நினைச்சேன். அதை மன்னிச்சிடும். கயிறு மட்டும் குடுக்கமாட்டேன்."

மன்னிப்புக்கு எல்லை எங்கே என வினவுவோர் வினவுக. தான் வகுத்த எல்லை சரியானதே என்று ஐயமற அறிந்திருந்தும், அதனை வகுத்த நெஞ்சு தூயதன்று என்பதையும் அறிந்தவளாய், மன்னித்த அப்பெண் நெடும்பொழுது முழந்தாளிலேயே நின்றாள்.