முன்பக்கத்துக் கைப்பிடியில் ஒரு வெள்ளை விரிப்பு

எனக்கு அந்த ஓட்டலை வாசலிலேயே பிடிக்கவில்லை. பெங்களூர் ரிச்மண்ட் டவுனில் எந்தத் துரையோ கட்டிவைத்த பழைய மாடி வீடு. அதைப் பூசி மெழுகி, ஒன்பது அறை பிரித்து, பூட்டிக் ஓட்டல் என்கிறார்கள். நாற்காலியில் உட்காரவே பயமாக இருந்தது. “விவேக் நகர்ல ஒரு லாட்ஜ் கெடைக்கலியா?” என்று என் மகள் மோனிகாவிடம் கத்தினேன்.

“ரெண்டே நாள்ப்பா. அவங்க வந்து பேசிட்டுப் போற வரைக்கும் கொஞ்சம் கம்முனு இரு,” என்றாள்.

அவங்க என்றால் மாப்பிள்ளையின் அப்பா குணசேகர். வேலூரில் ஹெட்மாஸ்டர். தங்கவயலில் தகரக் கூரை போட்ட எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு அவரைக் கூப்பிட மோனிகாவுக்கு மனமில்லை. அதைவிடப் பெரிய விஷயம் என் நெஞ்சு. இருபத்தாறு வருஷம் சுரங்கத்துக்குள் கல்தூசியைக் குடித்த நெஞ்சு. சில நாள் இருமினால் ரத்தமே வரும். ஒட்டுகிற நோய் இல்லை என்று டாக்டர் சொல்லியாயிற்று. ஆனாலும் போன வருஷம் வந்த சம்பந்தம், ‘பொண்ணோட அப்பனுக்கு டிபி’ என்று கலைந்துபோனது. இந்தப் பையன் மோனிகாவே விரும்பியவன். இவனும் போய்விட்டால் அவள் தாங்கமாட்டாள்.

மறுநாள் விடிந்து பார்த்தால் படுக்கை விரிப்பில் ரத்தம்.

“ஐயோ, யாராவது பாத்துட்டா?” என்று என் மனைவி ஜோசபின் விரிப்பை உருவிக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். கறை போகும்வரை கசக்கிப் பிழிந்து, வெயில் அடிக்கிற முன்பக்க வராந்தாக் கைப்பிடியில், தெருவைப் பார்க்க விரித்துப் போட்டாள். எங்கள் லைனில் கொல்லைப்புறம் ஏது? துணியெல்லாம் வாசலில்தான் காயும். நான் சவரம் செய்துகொண்டிருந்தேன். அவள் என்னைக் கேட்டிருந்தாலும் நானும் அங்கேதான் போடச் சொல்லியிருப்பேன்.

பத்து மணிக்குக் கீழே கூடத்தில் குணசேகரோடு காப்பி. மனுஷன் நல்ல மாதிரி, சிரிக்கச் சிரிக்கப் பேசினார். ஜூன் மாதம் கல்யாணம் வைக்கலாமா என்று அவரே ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து மானேஜர் ரங்கநாதன், அறை சுத்தம் செய்கிற பிரிஜெட்டைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

“முன்பக்கம் பெட்ஷீட்டக் காயப்போடறியே, இது என்ன உங்க நீலசந்திரா சந்துன்னு நெனச்சியா? போன வாரமே வார்னிங் குடுத்தேன். யூனிஃபார்மக் கழட்டிட்டுக் கெளம்பு!”

“சத்தியமா நான் போடல சார். அந்த ரூமுக்கு நான் இன்னும் போகவே இல்ல.” அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

ஜோசபின் எழுந்துவிட்டாள். “தம்பி, அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான்தான் தொவச்சுப் போட்டேன்.”

ரங்கநாதன் சிரித்தார். “மேடம், உங்களுக்கு நல்ல மனசு. எந்த கெஸ்ட் பெட்ஷீட் தொவைப்பாங்க?”

“நெஜமாத்தான் சொல்றேன்.”

குணசேகர் கோப்பையைக் கீழே வைத்தார். “எதுக்குங்க தொவைச்சீங்க?”

ஜோசபினுக்குப் பொய் சொல்ல வராது. என்னைப் பார்த்தாள். மோனிகாவும் என்னைத்தான் பார்த்தாள்.

“சாரே சொல்லட்டும். மேடமா தொவைச்சாங்க?” என்றார் ரங்கநாதன்.

விரிப்பில் காப்பி கொட்டிவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன புத்திக்கு அது இப்போது தோன்றுகிறது. அப்போது தொண்டைவரை வந்த இருமலை விழுங்கிக்கொண்டு, “இல்ல. யார் அழுதாலும் இவளுக்குத் தாங்காது, அதான் அப்படிச் சொல்றா,” என்றேன்.

“எங்க வீட்லயும் இதே கதைதான்,” என்று குணசேகர் சிரித்தார். பிரிஜெட் மானேஜரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தாள். எனக்கு என் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

ஜூன் பத்தொன்பது என்று தேதி முடிவானது. ஜோசபின் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மாடிக்குப் போனதும் அடக்கிவைத்த இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். எப்போதும் ஓடிவந்து முதுகைத் தடவுகிற ஜோசபின் கதவருகிலேயே நின்றாள்.

“இருமு,” என்றாள். “இங்க யாரும் இல்ல.”